கன்னத்துக்குள் ஒரு வெள்ளைக் கோடு

முப்பத்தொரு ஆண்டுகள் பிறர் வாய்க்குள் வெளிச்சம் பிடித்து, அங்கே இருந்ததை மட்டும் சொல்லி, இல்லாததை ஒருநாளும் சொல்லாத எங்கள் தலைமைப் பல் மருத்துவரே! பிடுங்கச் சொல்லி வந்தவரின் பல்லைக் காத்து, பயந்து வந்தவரின் பயத்தைப் பிடுங்கி அனுப்பிய பெருந்தகையே! குரல் எவ்வளவு உயர்ந்தாலும் கை ஒரு மயிரிழையும் நடுங்காத நிதானமே! காலை எட்டரைக்குத் திறக்கும் கதவின் முன் எட்டேகாலுக்கே வந்து நின்று, சாவி கொண்டு வருபவரை முறைத்த முறைப்பே!

பணி நிறைவு பெறும் இன்று, இந்தப் பிரிவின் பணியாளர்கள் பன்னிருவரும் தங்கள் முன் நின்று வாசிக்கும் மடல் இது.

மடல் என்றால் பண்புகளை அடுக்க வேண்டும். அடுக்கிப் பார்த்தோம். கடமை, கனிவு, காலம் தவறாமை என்று ஒன்றரைப் பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்தபோது, எந்த ஊரில் எந்த மருத்துவர் ஓய்வு பெற்றாலும் பெயரை மட்டும் மாற்றிப் படித்துவிடலாம் போல இருந்தது. போதாக்குறைக்கு, தங்களிடம் கனிவு இருந்ததாக எழுதினால் இந்த அவையே சிரித்துவிடும். ஆகவே அதைக் கிழித்துவிட்டு, நம் சக்‌ஷன் அக்காவின் ஏழு மாதங்களைச் சொல்வது என்று முடிவு செய்தோம். சொல்லச் சொன்னவரும் அவரே. “அன்னைக்கு நடந்ததுல பாதிதான் டாக்டருக்குத் தெரியும். மீதியையும் தெரிஞ்சுகிட்டுப் போகட்டும்” என்றார்.

தங்கள் குடும்பத்தாருக்காக ஒரு வார்த்தை. சிகிச்சை நாற்காலிக்கு இடப்பக்கம் அமர்ந்து, நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலையும் நீரையும் உறிஞ்சுகுழலால் இழுத்துக்கொண்டே இருப்பவர் அவர். அதனால் சக்‌ஷன் அக்கா. தங்களோடு இருபத்துமூன்று ஆண்டுகள். தாங்கள் கை நீட்டுவதற்குள் கருவி கையில் இருக்கும். பேச்சு மட்டும் குறைவு. நாள் முழுக்க அவர் பேசுவதை எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். நம் பிரிவுக்கு வருகிறவர்களில் பல்லைக் கடிப்பவர்கள் என்று ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. சிலர் தூக்கத்தில் நறநறவென்று அரைப்பவர்கள். சிலர் பகலிலேயே தாடையைப் பூட்டிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள். தாம் கடிக்கிறோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. காது வலிக்கிறது என்று ஒரு மருத்துவரிடமும், தலை வலிக்கிறது என்று இன்னொரு மருத்துவரிடமும் அலைந்துவிட்டு, ஒரு பல் விளிம்பு உடைந்த பிறகு இங்கே வந்து, அதைப் பிடுங்கிவிடச் சொல்வார்கள். தாங்கள் பிடுங்க மாட்டீர்கள். கன்னத்தில் விரலை வைத்துக் கடிக்கச் சொல்வீர்கள். தசை கூழாங்கல் போல எழும்பும். கூராக இருக்க வேண்டிய கோரைப்பல் தேய்ந்து தட்டையாகிவிட்டதைக் கைக்கண்ணாடியில் காட்டுவீர்கள். உடைந்த விளிம்பை நிரப்பிச் சரிசெய்துவிட்டு, அச்செடுத்து, இரவில் மாட்டிக்கொள்ள ஒரு தட்டு செய்து தருவீர்கள். கண்ணாடி போலத் தெளிவான, கெட்டியான தட்டு. அது கடிப்பதை நிறுத்தாது, பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும், அவ்வளவுதான் என்பதையும் ஒளிக்காமல் சொல்வீர்கள். மாலைக்குமேல் காபி வேண்டாம், சூயிங்கம் வேண்டாம், தாடைக்கு வெந்நீர்த் துணி ஒற்றடம் கொடுங்கள் என்பீர்கள். கடைசியாக, வாசல்வரை போனவரைத் திரும்பக் கூப்பிட்டு ஒன்று சொல்வீர்கள்: “உதடு சேரட்டும். பல்லு சேர வேண்டாம்.”

இந்த வாக்கியத்தை அக்கா சில ஆயிரம் முறையாவது கேட்டிருப்பார். அது தனக்கும் சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது என்று அவருக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாலை, கருவிகளைக் கழுவி அடுக்கும்போது காதோரம் வலிக்கிறதே என்று சிறிய வாய்க் கண்ணாடி ஒன்றை எடுத்துத் தன் கன்னத்துக்குள் வைத்துப் பார்த்தார் அக்கா. உள்ளே ஒரு வெள்ளைக் கோடு.

வேறு யாராவது பார்த்திருந்தால் அது ஒரு கோடு. மறுநாள் மறந்திருப்பார்கள். அக்கா பார்த்தது வேறு. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டோடு வந்த ஒரு கொத்தனாருக்குத் தாங்கள் சதையில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியபோது குழலைப் பிடித்திருந்தவர் அவர். முடிவு வந்த நாளிலும் பக்கத்தில் இருந்தவர் அவர். வரவேற்பறைச் சுவரில் தொங்கும் வாய்ப் புற்றுநோய் எச்சரிக்கைப் படத்தை ஸ்டூல் போட்டு ஏறி மாட்டியவரும் அவரே. வெள்ளை நிறம், காது வலி, வாய் முழுதாகத் திறக்க முடியாமை என்று அதில் இருந்தவை எல்லாம் தன்னிடம் இருப்பதாக அவருக்குப் பட்டது. காலையில் எழுந்தால் தாடை இறுகியிருந்தது. நாக்கின் ஓரம் பல் பல்லாகப் பதிந்திருந்தது. அறியாதவருக்கு வராத பயம், அறிந்தவருக்குத் தேவைப்படாத பயம், இரண்டுக்கும் நடுவே இருபது வருடம் உட்கார்ந்திருந்தவரைச் சரியாகப் பிடித்துக்கொண்டது.

கேட்டிருக்கலாம். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தீர்கள், முழங்கை இடிக்கும் தூரத்தில். ஏன் கேட்கவில்லை என்று அக்கா தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறார். நோய்க்குப் பயந்து என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மை இல்லை. அவர் பயந்தது தங்கள் குரலுக்கு.

தாங்கள் எல்லோரையும் திட்டுவீர்கள். பல் துலக்காதவரை, மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவரை, கருவித் தட்டில் இடுக்கியை இடம் மாற்றி வைத்தவரை, ஏன், போன மாதம் சுகாதாரத் துறை அதிகாரியைக்கூட. அந்தக் குரல் ஒரே ஒரு வகை நோயாளியிடம் மட்டும் தணியும். முகக்கவசத்தைக் கழற்றுவீர்கள். நாற்காலியை அருகில் இழுத்துப் போடுவீர்கள். “வீட்ல யாராவது கூட வந்திருக்காங்களா?” என்று மெல்லக் கேட்பீர்கள். அந்தக் கொத்தனாரிடமும் அப்படித்தான் கேட்டீர்கள். அந்த மென்மையைப் பக்கத்திலிருந்து பார்த்த அக்காவுக்கு, தங்களிடம் திட்டு வாங்குவது என்பது உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தினமும் கிடைக்கும் சான்றிதழாகிப் போனது. தட்டில் இடுக்கி இடம் மாறியிருந்ததற்காக ஒரு காலையில் தாங்கள் எரிந்து விழுந்தபோது, குனிந்த தலைக்குள் அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு வேண்டுமென்றே இரண்டு முறை மாற்றி வைத்தார். இது தாங்கள் அறியாத முதல் செய்தி.

வீட்டில் அவர் பயத்தைச் சொல்லவில்லை. பயத்துக்கு ஏற்பாடு செய்தார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, இடுப்புவரை கூந்தல். அக்கா தன் கணவரை உட்காரவைத்துப் பின்னக் கற்றுக்கொடுத்தார். கை வலிக்கிறது, நீங்கள் கொஞ்சம் பழகுங்கள் என்று சொன்னார். பூட்டுக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர், மனைவிக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே ஏழு மாதத்தில் மூன்று வகைப் பின்னல் கற்றார். மகளின் பள்ளியில் பிற தாய்மார்கள் அவரிடம் யோசனை கேட்கும் அளவுக்குப் போயிற்று. அவருக்கு வேறொரு கவலை இருந்தது. படுக்கையறை மின்விசிறியில் ஏதோ உரசுகிறது, எண்ணெய் விட்டும் நிற்கவில்லை, சன்னல் கீலாக இருக்குமோ என்று அதற்கும் விட்டார். வீடு முழுக்க எண்ணெய் விட்டு முடித்தும் சத்தம் நிற்கவில்லை என்று காலைதோறும் அலுத்துக்கொண்டார். அக்கா காதில் அது ஏறவில்லை.

வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் பார்க்கப் பார்க்கக் கோடு தடித்தது. தடிக்கத் தடிக்கத் தாடை இறுகியது. எது எதைத் தடிக்கச் செய்கிறது என்று கேட்க அந்தக் குளியலறையில் வேறு யாரும் இல்லை.

ஏழாவது மாதம், ஒரு வியாழக்கிழமை முற்பகல். நாற்காலியில் ஒரு பேருந்து ஓட்டுநர். அவரும் கடிப்பவர்தான், நெரிசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் தாடையைப் பூட்டி, கடைவாய்ப் பல்லின் ஓரத்தை உடைத்துக்கொண்டு வந்தவர். வாய் மூடாமலிருக்க ஒரு பக்கம் ரப்பர் கட்டை வைத்திருந்தீர்கள். உடைந்த இடத்தை நிரப்பியாயிற்று. பசை கெட்டிப்பட நீல விளக்கைப் பிடித்தீர்கள். அக்கா குழலை வெளியே எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, மூலையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸரும் காற்று நிரம்பி நின்றது. அறையில் அமைதி. இருபது நொடி.

அந்த அமைதியில் கேட்டது: கறுக். மறுபடியும், கறுக்.

தாங்கள் பழக்கத்தில், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே, “உதடு சேரட்டும், பல்லு…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டீர்கள். ஓட்டுநரின் வாய் சுரங்கப்பாதை போலத் திறந்து கிடந்தது.

“இவர் வாய் திறந்திருக்கு” என்றீர்கள், நிதானமாக. “நான் கடிக்கலை. அப்போ இந்த ரூம்ல மிச்சம் யாரு?”

ஓட்டுநரால் பேச முடியவில்லை. கையை மட்டும் உயர்த்தி, வண்டி திரும்புவதற்குக் கை காட்டுவது போல, இடப்பக்கம் காட்டினார்.

அவரை அனுப்பியதும் அக்காவைப் பார்த்து உட்காரச் சொன்னீர்கள். வெளியே அடுத்தவர் காத்திருக்கிறார் என்றார் அக்கா. காத்திருக்கட்டும் என்றீர்கள். தட்டைக் கழுவ வேண்டும் என்றார். கழுவ வேண்டாம் என்றீர்கள். அதன்பின் ஏழு மாதமாக உள்ளே வைத்திருந்தது வெளியே வந்தது.

“பார்க்க வேண்டாம் டாக்டர். என்னன்னு எனக்கே தெரியும்.”

“எனக்குத் தெரியாதே. உட்காரு.”

ஏறக்குறைய இருபது வருடம் பக்கத்தில் இருந்தும், அந்த நாற்காலியில் முதுகு சாய்வது அக்காவுக்கு அதுவே முதல் முறை. விளக்கு முகத்தில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இனி கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்குத்தான் வேலை. தாங்கள் பேசவில்லை. ஒரு பக்கக் கன்னத்தை விரித்துப் பார்த்தீர்கள், பிறகு மறுபக்கம். பஞ்சுத் துணியால் துடைத்துப் பார்த்தீர்கள். உள்ளே ஒரு விரலும் வெளியே ஒரு விரலுமாக வைத்து அழுத்தினீர்கள். நாக்கைத் தூக்கி அடியில் பார்த்தீர்கள். கழுத்தில் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தடவினீர்கள். கடிக்கச் சொல்லி, திறக்கச் சொல்லி, மறுபடி கடிக்கச் சொன்னீர்கள். எத்தனை நாளாக என்று கேட்டீர்கள். ஏழு மாதம் என்றார். யாரிடம் சொன்னாய் என்றீர்கள். யாரிடமும் இல்லை என்றார்.

பிறகு காதில் விழுந்தவை இரண்டே சத்தங்கள். முகக்கவசத்தின் நாடாவைக் காதிலிருந்து எடுக்கும் சின்னச் சத்தம். தங்கள் இருக்கையின் சக்கரங்கள் அருகில் உருளும் சத்தம். அக்கா இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். இதோ, இப்போது அந்தக் குரல் வரும். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும்.

“அறிவிருக்கா உனக்கு?”

பதிவு மேசையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். காத்திருந்த நோயாளிகளில் ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்.

“இத்தனை வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்து எத்தனை கன்னம் பார்த்திருக்கே? உன் பல்லு மேலயும் கீழயும் எங்க சேருதோ, சரியா அங்கதான் இந்தக் கோடு ஓடுது. ரெண்டு பக்கமும். ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி. பல்லைக் கடிச்சுக் கடிச்சுக் கன்னம் காய்ச்சுப் போயிருக்கு, அவ்வளவுதான். இதுக்கு ஏழு மாசமா?”

அக்கா அழுதார். தேம்பித் தேம்பி, தோள் குலுங்க அழுதார். தாங்கள் திகைத்துப் போனீர்கள். தண்ணீர் எடுத்துவரத் தாங்களே ஓடினீர்கள். “சத்தம் போட்டது தப்புதான், மன்னிச்சுக்கோ” என்று சொன்னீர்கள். முப்பத்தொரு ஆண்டில் தாங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக எங்களுக்குத் தெரிந்த ஒரே சம்பவம் அது. அந்த மன்னிப்பைத்தான் தங்களிடமே திருப்பித் தந்துவிடும்படி அக்கா இன்று எங்களிடம் சொல்கிறார். அந்தச் சத்தம்தான் அவரைக் காப்பாற்றியது. தங்கள் வாயிலிருந்து வசவு வந்த நொடியில், தான் பிழைத்துவிட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. பின்னால் வந்த விளக்கமெல்லாம் அவருக்கு உபரி.

அடுத்து நடந்ததும் தங்களுக்குத் தெரியாது. புண்படுத்திவிட்டோம் என்று நினைத்துத் தாங்கள் ஒரு வாரம் அக்காவிடம் மிக மென்மையாகப் பேசினீர்கள். ‘அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தர்றியாம்மா’ என்றெல்லாம். அந்த ஒரு வாரமும் அக்கா செத்துப் பிழைத்தார். எதையோ மறைக்கிறார்கள் என்றே நினைத்தார். எட்டாம் நாள், அச்சுப் பசையைத் தண்ணீர் அதிகமாக விட்டுக் கலக்கியதற்காக இரண்டு நிமிடம் விடாமல் திட்டினீர்கள். அன்று மாலை அவர் மகளுக்குப் புதுச் சடைநாடா வாங்கிக்கொண்டு போனார்.

என்றாலும் தங்கள் வைத்தியம் குரலோடு நிற்கவில்லை. தங்கள் கண் ஒன்றே போதும் என்று இருக்காமல், கன்னத்தைப் படமெடுத்து, வேறொரு வாய்நோய் நிபுணரையும் பார்க்கச் சொன்னீர்கள். அவரும் அதையே சொன்னார். அக்காவின் பற்களுக்கு அச்செடுத்தோம். நம் பல் ஆய்வகத்தில் தட்டு செய்யும் அச்சு அண்ணன் அந்த மாதிரியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ராத்திரியில கல்லுடைக்கப் போறீங்களாக்கா?” என்று கேட்டார். தட்டை மாட்டி, நீலத் தாளைக் கடிக்கவைத்து, மை அதிகம் பட்ட இடங்களைத் தாங்களே ராவி, எல்லாப் பற்களும் ஒரே சமயத்தில் தொடும்வரை நான்கு முறை சரிசெய்தீர்கள். குளிர்ந்த தண்ணீரில் கழுவு, வெந்நீரில் போட்டால் கோணிக்கொள்ளும் என்றீர்கள், அவர் அதையே தினம் பத்துப் பேருக்குச் சொல்பவர் என்பதை மறந்து. மழுங்கிய இரண்டு பற்களின் நுனியைக் கட்டிக் கொடுத்தீர்கள். கருவி அலமாரியின் கதவில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினீர்கள். கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரிக்க வேண்டும் என்று உத்தரவு.

பத்து நாள் கழித்து அக்காவின் கணவர், கடைசியில் எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். அன்றுதான் அக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு அவர், “அப்போ பின்னல்?” என்று மட்டும் கேட்டார். பின்னல் இன்றுவரை அவர் பொறுப்பிலேயே இருக்கிறது. அக்கா திரும்பக் கேட்கவில்லை.

கோடு முற்றிலும் மறையவில்லை. மெலிந்திருக்கிறது. நாக்கின் பதிவுகளும் அப்படித்தான். வேலை மிகுந்த நாட்களில் தாடை இன்னும் இறுகுகிறது. தேய்ந்த பல் தேய்ந்ததுதான், இனி தேயாமல் பார்ப்போம் என்று தாங்கள் சொன்னதை அக்கா முழு நலம் என்றே எடுத்துக்கொண்டார்.

அந்த வியாழனுக்குப் பிறகுதான் நம் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. மாதத்தின் முதல் திங்கள், கதவு திறக்கும் முன், பணியாளர்கள் ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்க வேண்டும். ஊர் வாயையெல்லாம் பார்க்கிறவர்கள் தங்கள் வாயைக் காட்டாமல் திரிகிறார்கள் என்று சொல்லித் தொடங்கினீர்கள். பன்னிரண்டு பேரில் நான்கு பேர் கடிப்பவர்கள் என்று தெரிந்தது. அச்சு அண்ணனும் அதில் ஒருவர். தனக்கான தட்டைத் தானே செய்துகொண்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

இவ்வளவும் பழைய கதை. தாங்கள் ஓய்வு பெறப் போகிறீர்கள் என்றதும் எங்களுக்கு உள்ளூர ஒரு கவலை இருந்தது; அக்காவைப் பற்றித்தான். தங்கள் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துத் தன் ஆயுளைக் கணித்தவர், அந்தக் குரல் போன பிறகு என்ன செய்வார்? புதிய மருத்துவர் இரண்டு வாரம் முன்பு பொறுப்பேற்க வந்தார். நல்லவர். ஆனால் அவர் எல்லோரிடமும் மெதுவாகவே பேசுகிறார். பல் சுத்தம் செய்ய வந்தவரிடமும் அதே குரல், பெரிய நோயோடு வந்தவரிடமும் அதே குரல். அவர் முகத்தையும் தொனியையும் வைத்து அக்காவால் ஒன்றையும் படிக்க முடியாது.

கடந்த செவ்வாய்க்கிழமை, முதல் நோயாளி வருமுன், அக்கா தானாகவே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை. முகக்கவசத்தைக் கழற்றினார். அவர் காதோரம் மூன்று நாளாக வலித்துக்கொண்டிருந்தது. மூன்று நாள். ஏழு மாதம் அல்ல.

“டாக்டர், எனக்கு இங்க வலிக்குது. பாருங்க. பார்த்துட்டு நல்லதோ கெட்டதோ நேரா சொல்லிடுங்க.”

புதியவர் பொறுமையாகப் பார்த்தார். தட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு அவருடைய அந்த மெல்லிய குரலில், பயப்பட ஒன்றுமில்லை, மூன்றரை வருடத்தில் தட்டு ஒரு மூலையில் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது, அதனால் கடி சாய்ந்து தசை வலிக்கிறது, புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம் என்றார்.

தாங்கள் அப்போது கதவுக்கு வெளியே, அலமாரியில் எதையோ தேடுவது போல நின்றிருந்தீர்கள். திறந்த அலமாரி காலி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா படுத்தபடியே சொன்னார்: “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க டாக்டர். வெளியில ஒருத்தங்க நிம்மதியா வீட்டுக்குப் போகணும்.”

புதியவர் சொன்னார். சத்தமாகவே சொன்னார்.

ஆகவே, எங்கள் பேரன்புக்குரியவரே, போய் வாருங்கள். விழிப்பு மணி வைக்காமல் உறங்குங்கள். உறக்கத்திலும் தங்கள் பற்கள் ஒன்றையொன்று தொடாதிருக்கட்டும். மென்று தின்ன உறுதியான பல்லும், வாய்விட்டுத் திட்ட உறுதியான குரலும், திட்டு வாங்கச் சுற்றிலும் மனிதர்களும் நூறாண்டு தங்களுக்கு நிலைக்கட்டும். மாதத்தின் முதல் திங்கள் எட்டேகாலுக்கு நாங்கள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். சாவி எங்களிடம் இருக்கிறது. கவலை வேண்டாம்.

என்றும் தங்கள் வசவை மறவாத,
பல் மருத்துவப் பிரிவுப் பணியாளர்கள் பன்னிருவர்